பேட்டரி தீர்ந்த நாயனம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஓடுகிற எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும், சூட்டுக்கு முன்னால் ஒரு ஸ்வரம்தான் வந்து முகத்தில் அடிக்கும். காயிலில் மின்சாரம் நொடிக்கு 500 தடவை முன்னும் பின்னும் போய்வந்தால், காயில் அதன் இரட்டிப்பில், 1,000 ஹெர்ட்ஸில் கத்தும். உள்ளே இரும்பு உருக உருக அந்த ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கும். பக்கத்து ஷெட் ஃபர்னஸ் 1,003-ல் கத்தினால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று முறை வீங்கி வடியும். புதிதாக வேலைக்கு வரும் பசங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஞாபகம் வந்தது கீபோர்டில் இருக்கும் கோரஸ் பட்டன். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது: ஒரு ஒலியை நகலெடுத்து, நகலின் சுருதியை லேசாக ஆட்டி, அசலோடு கலக்கிறது.

எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். பொன்னேரி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என்று ஆடி மாசம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரிகள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா என்பதால், வடக்கே போகப் போக பாதி லிஸ்ட் சிரஞ்சீவி பாட்டாக இருக்கும். குழுவை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் அப்பா பொன்னேரிப் பக்கம் கோயில் நாயனக்காரர். அண்ணனுக்கும் சின்ன வயதில் நாயனம் கற்றுக்கொடுத்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் நாயனத்தை விட்டுவிட்டு பேண்டு செட்டும் மெல்லிசைக் குழுவும் வைக்க ஆரம்பித்த காலம் அது. அண்ணன் கீபோர்டுக்கு மாறிவிட்டார்.

அவரிடம் ஒரு யமஹா டிஎக்ஸ்7 இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், கோடம்பாக்கம் பக்கம் புது மாடல்களுக்கு மாறிய யாரிடமிருந்தோ கைமாறி வந்தது. பழுப்பு உடம்பு, அமுக்கினால் உள்ளே போகாத பச்சை மெம்ப்ரேன் பட்டன்கள், வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும், பின்னால் விளக்கு இல்லாத ஒரு குட்டித் திரை. மேடையில் அதைப் படிக்க அண்ணன் வாயில் பென் டார்ச்சைக் கவ்விக்கொள்வார்.

எனக்கு அவர் சொன்ன முதல் பாடம்: "பட்டன அமுக்குனா வர்றது யமஹாக்காரன் சவுண்டுடா. அதுக்கப்புறம் நீ என்னா பண்றியோ, அதான் உன் சவுண்டு."

எண்பதுகளின் தமிழ்ப் பாட்டைப் பற்றி நாம் எழுதாதது இல்லை. எந்த ராகம், எந்த வரி, யார் பாடினார், யார் வயலின் வாசித்தார் என்று எழுதித் தீர்த்துவிட்டோம். அந்தப் பாட்டில் வரும் மின்னணு ஒலிகளை யார் எழுதினார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒலியை எழுதுவதா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், எழுதுவதுதான். எண் எண்ணாக.

அதைச் சொல்ல 1967-க்கும் கலிஃபோர்னியாவுக்கும் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர். பொறியாளர் இல்லை. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக் கம்ப்யூட்டரில், மற்றவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் ஒலி உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு அப்போது சுலபமாக வந்தது சைன் அலை. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டினால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி சப்பென்ற சத்தம். அதற்குக் கொஞ்சம் உயிர் கொடுக்க, வயலின்காரர் விரலை ஆட்டுவது போல இன்னொரு அலையால் அதன் சுருதியை ஆட்டினார். நொடிக்கு ஆறு, ஏழு தடவை ஆட்டினால் அது நமக்குத் தெரிந்த அசைவு. சௌனிங் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு இருபதைத் தாண்டியதும் ஆட்டம் ஆட்டமாகக் கேட்கவில்லை. காது அதைப் பின்தொடர முடியாமல், வேறொரு குரலாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு அலை மணியானது, இன்னொன்று பித்தளைக் குழலானது.

கணக்கு சிக்கனமானது. கேட்கிற அலைக்குக் கேரியர் என்று பெயர். அதை ஆட்டுகிற அலைக்கு மாடுலேட்டர். இரண்டின் வேகமும் முழு எண் விகிதத்தில் இருந்தால் (1:1, 1:2) ஒத்திசைவான குரல் வரும். 1:1-ல் எல்லா மேல் ஸ்வரங்களும் வரிசையாக வரும். 1:2-ல் ஒற்றைப்படை மட்டும் வரும், கிளாரினெட் ஜாடை. விகிதம் முழுசாக இல்லாமல் 1:1.4 மாதிரி பிசகினால் மணி, தாம்பாளம், உலோகம். எவ்வளவு ஆழமாக ஆட்டுகிறோமோ அவ்வளவு பிரகாசம். அதுவரை ஒரு குரலை உண்டாக்கப் பத்து இருபது அலைகளை அடுக்க வேண்டியிருந்தது. சௌனிங்குக்கு இரண்டே போதும். அவர் 1973-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்குக் காட்டினார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. யமஹாவிலிருந்து வந்த இளம் பொறியாளர் சில நிமிடங்களில் புரிந்துகொண்டார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. இதற்கு நடுவில் ஸ்டான்ஃபோர்ட் சௌனிங்குக்கு நிரந்தர வேலை தராமல் அனுப்பிவிட்டு, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தக் காப்புரிமையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த பணம் 2 கோடி டாலருக்கு மேல். யமஹா பத்து வருஷம் உழைத்து 1983-ல் கொண்டுவந்ததுதான் டிஎக்ஸ்7. ஆறு அலைகள், அவற்றை யார் யாரை ஆட்டுவது என்று 32 விதமாக அடுக்கலாம். விலை 2,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. அதே காலத்து ஃபேர்லைட் கருவி ஒன்றின் விலையில் பத்து டிஎக்ஸ்7 வாங்கலாம்.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். சுருதியை ஆட்டுவது பற்றி நம் ஊருக்கு ஒரு பழைய வழக்கு உண்டு.

அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை, முப்பது வருஷம், அந்தத் தடை நீடித்தது. அந்நிய வாத்தியம் என்ற அரசியலோடு, ஹார்மோனியத்தில் கமகம் வராது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. குற்றச்சாட்டு பொய் இல்லை. ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு ஸ்வரம், விட்டால் நிற்கும். நடுவில் போக வழி கிடையாது. தோடியின் காந்தாரத்தைக் கட்டையில் அமுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஓர் இடமே இல்லை, இரண்டு இடங்களுக்கு நடுவிலான ஊஞ்சல்.

மின்சார வாத்தியம் இந்த ஊருக்குள் நுழைந்ததே அந்த ஊஞ்சல் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1954-ல் 'நாகின்' இந்திப் படத்தில் ஊரையே ஆட வைத்த மகுடி, மகுடியே இல்லை. கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி; வாசித்தவர் பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவரான கல்யாண்ஜி. 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக்கொடுத்தார். அங்கே சில இந்திய இளைஞர்கள் மூன்று, நான்கு வருஷம் சோதனை ஒலிகளைப் பதிந்தார்கள். 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்ட் கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தோடு வாசித்துப் பதிந்த தட்டை அன்று ஒருவரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்ததும் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியது. மூன்று இடத்திலும் ஆட்கள் சுருதிச் சக்கரத்தையோ சறுக்கலையோதான் முதலில் தேடிப் போயிருக்கிறார்கள்.

தமிழில் திருப்பம் 1986. அந்த வருஷ தீபாவளிக்கு வந்த கே. பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் மியூசிக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். சீக்வென்சர் வைத்துப் பதிவான முதல் இந்தியப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கருவியை இயக்கியவர் அப்போது திலீப் என்று அறியப்பட்ட 19 வயது ஏ.ஆர். ரஹ்மான். அப்பா ஆர்.கே. சேகர் இறந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்த வீட்டுப் பையன். (இன்று அதே ரஹ்மானின் படப்பிடிப்புத் தளம் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் ஜன்னல் பக்கம் உட்காருவேன்.) சிஎக்ஸ்5எம்-க்குள் இருந்த ஒலிப் பலகையும் சௌனிங்கின் கணக்கில் ஓடுவதுதான், ஆறுக்குப் பதில் நான்கு அலைகள், ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். அதே சிப்பைத்தான் அன்றைய வீடியோ கேம் பெட்டிகளிலும் பொருத்தியிருந்தார்கள்.

சீக்வென்சர் வந்ததும் என்ன ஆனது என்பது தெரிந்த கதை. எண்பது பேர் உட்கார்ந்து வாசித்த ஹாலில் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எங்கள் ஷெட்டில் பிஎல்சி வந்தபோதும் அப்படித்தான், ஒரே நாளில் யாரையும் அனுப்பவில்லை.

திரும்ப அண்ணனிடம் வருகிறேன். டிஎக்ஸ்7-ன் முதல் 32 ஒலிகளில் பியானோ உண்டு, ஜப்பானியரின் கோட்டோ உண்டு. ரயில் ஓடும் சத்தமும் ரெஃப்ரி விசிலும்கூட உண்டு. நாயனம் கிடையாது. அந்த ஒலிகளை எழுதியவர்களில் டேவ் பிரிஸ்டோ, கேரி லியூன்பெர்கர் என்ற இருவர் பெயர் இன்று பிரசித்தம். எண்பதுகளின் காதல் பாட்டுகளில் உலகம் முழுக்க மணி மணியாக உதிரும் அந்த எலக்ட்ரிக் பியானோ 11-வது பட்டனில் இருந்தது. அதில் ஒரு மாடுலேட்டர் கேரியரைவிட 14 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கட்டையைத் தொட்டதும் வரும் கண்ணாடிச் சிணுங்கல் அதுதான். நம் ஊர் மொட்டை மாடி, மழை, பிரிவு எல்லாவற்றுக்கும் பின்னால் கேட்டுப் பழகிய சத்தம், யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் யமஹாவுக்காக எழுதியது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அண்ணன் நாயனத்தைத் தானே எழுதினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் சைன் அலையிலிருந்து ஆரம்பித்து, இரண்டு வருஷம். எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவில் அதன் கட்டுமானம் இது. நாயனம் கூம்புக் குழல், எல்லா மேல் ஸ்வரங்களும் வரும். ஆகவே அடிப்படை ஜோடி 1:1. அதே மாதிரி இன்னொரு ஜோடியை லேசாகச் சுருதி பிசகி வைத்தால் இரண்டும் உரசிக்கொண்டு, கூடவே ஒத்து ஊதுகிறவர் உட்கார்ந்திருப்பது போல ஒரு பரப்பு கிடைக்கும். சீவாளியின் கரகரப்புக்கு ஓர் அலையைத் தன்னைத்தானே ஆட்ட வைக்க வேண்டும். அதற்கு ஃபீட்பேக் என்று பெயர், ஏழு வரை கூட்டலாம். ஏழு வைத்தால் தேனீக் கூடு. அண்ணன் ஐந்தில் நிறுத்தியிருந்தார். கட்டையை அழுத்தி அடித்தால் பிரகாசம் கூடும்படி மாடுலேட்டர்களுக்கு மட்டும் அழுத்த உணர்வு கொடுத்தார். மூச்சு முதலில் வருகிறது, குரல் பிறகுதான் திறக்கிறது என்பதால், மாடுலேட்டரின் ஏற்றம் கேரியரின் ஏற்றத்துக்குக் கொஞ்சம் பின்தங்க வேண்டும். இதை அவர் கண்டுபிடித்தது அப்பா பழைய நாயனத்தைத் துடைத்து எடுத்து வாசித்த ஒரு விடியற்காலையில்.

ஆட்டத்துக்கு மட்டும் அவர் இயந்திரத்தை நம்பவில்லை. எல்லா சிந்தசைசரிலும் எல்எஃப்ஓ என்று ஒன்று இருக்கும். சொன்ன வேகத்தில் சுருதியை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஃபர்னஸ் மாதிரி ஒரே சீர். மனுஷன் ஆட்டும் கமகம் அப்படி இருக்காது, ஏறும்போது ஒரு வேகம், இறங்கும்போது ஒரு வேகம், சில நேரம் போகாமலே திரும்பிவிடும். அண்ணன் எல்எஃப்ஓ-வைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு இடது கையால் பிட்ச் சக்கரத்தை ஆட்டுவார். வலது கை ஒரே கட்டையில் நிற்கும், மோகனம் இடது கையில் ஓடும். ஊதி வாசிக்கிற பிரெத் கன்ட்ரோலரைச் சொருக டிஎக்ஸ்7-ல் ஓட்டை உண்டு. அதை வாங்கக் காசு சேரவே இல்லை.

அந்த ஒலியைத் தனியாக ஒரு கட்டை அமுக்கிக் கேட்டால் சுமார்தான். தகர டப்பாவில் ஊதின மாதிரி இருக்கும். இரண்டாவது ஸ்வரத்துக்குப் போகும்போதுதான் தூக்கிவாரிப்போடும். ஆடித் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு அவர் அதை வாசித்தபோது, பந்தலுக்கு வெளியே இருந்த கிழவர்கள் நாயனக்காரர் எங்கே என்று எட்டிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சொந்தமாக வந்தது ரோலண்ட் எக்ஸ்பி-60. அதில் ஒலியை எழுத வேண்டியதில்லை. நிஜ வாத்தியத்தைப் பதிந்து சிப்பில் வைத்திருந்தார்கள். ஆசிய ஒலிகளுக்கென்றே தனி அட்டை விற்றது. 1991-ல் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள் உண்டு; 105 சிதார், 112 ஷெனாய். நாயனம் அதிலும் இல்லை. அன்றிலிருந்து மேடையில் கெட்டிமேளம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் 112-தான். ஒற்றை ஸ்வரத்தில் கேட்டால் அசல் ஷெனாய், குறையே சொல்ல முடியாது. அடுத்த ஸ்வரத்துக்குப் போனால் செத்துவிடும், ஏனென்றால் பதிவு பண்ணியவர் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் ஊதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பதிந்த ஒலி ஜெயித்தது அது நன்றாக இருந்ததால் மட்டும் இல்லை. எங்களைப் போன்ற பசங்களுக்கு அதில் இரண்டு வருஷம் உட்கார வேண்டியதில்லை. நானும்தான் உட்காரவில்லை.

2019-ல் யமஹா சென்னைக்குத் தெற்கே ஒன்ஹப் தொழிற்பூங்காவில் ஆலை திறந்து கீபோர்டு செய்ய ஆரம்பித்தது. தம்புராவும் தபலாவும் உள்ளேயே வைத்த இந்திய மாடல்கள் கடையில் கிடைக்கின்றன. ஃபேக்டரி சவுண்டு என்று அண்ணன் கேலியாகச் சொன்னது இப்போது உள்ளூர் ஃபேக்டரி.

குழு 2009 வாக்கில் கலைந்தது. டிஎக்ஸ்7 பரணுக்குப் போனது. போன வருஷம் அண்ணன் வீட்டை இடித்துக் கட்டும்போது கூப்பிட்டு, "எடுத்துனு போடா, இங்க எலி திங்குது" என்றார். சிப்காட் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து கரன்ட் கொடுத்தேன். திரையில் கிறுக்கல் எழுத்துகள். 32 ஒலியும் போயிருந்தன. இந்தக் கருவியின் நினைவு முழுக்க உள்ளே பலகையில் பற்றவைத்த ஒரு லித்தியம் பேட்டரியில் நிற்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் அதே சிஆர்2032. பேட்டரி தீர்ந்தால் எழுதியது எல்லாம் தீர்ந்தது. தனியே சேமித்து வைக்க மெமரி கார்ட்ரிட்ஜ் இருந்தது, அதையும் அவர் வாங்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, "அதான் ரோலண்டு வந்துட்ச்சே" என்று மட்டும் சொன்னார்.

கோடம்பாக்கத்தில் எத்தனை டிஎக்ஸ்7-கள் இப்படிக் காலியாகியிருக்கும் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். பாட்டு மிச்சமிருக்கிறது, கேட்கிறோம். அந்தக் குரலை எழுதிய எண்கள் இல்லை, எழுதியவர் பெயரும் எந்த கேசட் அட்டையிலும் இல்லை.

பேட்டரியைப் பிய்த்தெடுத்து, அடுத்த முறை கழற்றி மாட்ட ஹோல்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். அண்ணனின் கச்சேரி கணக்கு நோட்டில், தவில்காரருக்கு 150, வேன் வாடகை 400 என்பதற்கு நடுவே, ஏழெட்டு எண்கள் கிடைத்தன. மாரியம்மன் கோயில் கச்சேரி ஒன்றின் கேசட்டும் இருந்தது, பாதி ஜெனரேட்டர் சத்தம். மூன்று மாசம், நைட் ஷிஃப்ட் இல்லாத நாள்களில் உட்கார்ந்தேன். 1:1 ஜோடி சுலபமாக வந்தது. ஃபீட்பேக் ஐந்து, எனக்கே ஞாபகம் இருந்தது. அந்த மூச்சுப் பின்தங்கல்தான் பிடிபடவில்லை. ஏற்ற வேகத்தை 72, 70, 68 என்று குறைத்துக்கொண்டே வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் ஜாடை தட்டியது.

ஒலியின் பெயருக்குப் பத்து எழுத்து இடம் உண்டு. அண்ணன் வைத்திருந்த பெயரையே வைத்தேன்: அவர் அப்பா பெயர். சேமிக்கப் போனால் நினைவு பூட்டியிருக்கிறது என்று திரை மறுத்தது. பூட்டைத் திறந்து மறுபடி அமுக்கினேன்.

அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து மோகனத்தில் நான்கு வரி வாசித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒன்றும் பேச்சில்லை. கொத்தனார் ஜல்லி கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சீவாளி இன்னும் நனையலடா," என்றார். "அறுபத்தஞ்சுல வச்சுப் பாரு."